லீவு நாளில் வரும் கிரகணம்: செட்டிநாட்டுப் பள்ளிகள் இப்போதே தொடங்க வேண்டிய பாடம்

2019 டிசம்பர் 26, காலை ஒன்பதரை மணியை ஒட்டி, காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை வட்டாரத்தில் சூரியன் ஒரு வளையமாகத் தெரிந்தது. மூன்று நிமிடத்துக்கு மேல் நீடித்தது. அன்று பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டு லீவு. அதற்கு முந்தைய பெரிய கிரகணம் 2010 ஜனவரி 15. ராமேஸ்வரம், கன்னியாகுமரி பக்கம் முழு வளையம், இங்கே சூரியனில் பெரும்பகுதி மறைந்தது. அன்று மாட்டுப் பொங்கல். அடுத்த வளையம் 2031 மே 21, மதியம். அதன் பாதை கேரளத்தில் கரையேறி, மதுரை, காரைக்குடி வழியாக வேதாரண்யம் பக்கம் கடலில் இறங்குகிறது. மே மாதம் கோடை விடுமுறை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பன்னிரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை கங்கண கிரகணப் பாதைக்குள், அதாவது சூரியன் வளையமாகத் தெரியும் பாதைக்குள், வருவது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்க மாட்டார். பிள்ளை வீட்டில், முற்றத்தில், அப்பத்தாவோடும் தம்பி தங்கைகளோடும் இருக்கும். கிரகணப் பாடத்தை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு என் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அறிவியல் புத்தகத்தில் ஒரு படம் வரைந்து, மூன்று மதிப்பெண் கேள்வியாக முடித்துவிட்டால் அந்தப் பாடம் வீடு வரை போகாது. வீட்டில் கிரகணத்தை நடத்திக் காட்டுகிற ஆளாகப் பிள்ளையைத் தயார் செய்ய வேண்டும். அதற்கு அறிவியல் மட்டும் போதாது. கணக்கு, சமூக அறிவியல், தமிழ் எல்லாம் சேர வேண்டும்.

முதலில் எல்லாப் பிள்ளையும் கேட்கும் கேள்வி: கிரகணம் அமாவாசையில்தான் வரும் என்றால், ஏன் ஒவ்வொரு அமாவாசையும் வருவதில்லை? நிலவின் பாதை பூமியின் பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது என்பது புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் புத்தகப் படத்தில் சூரியன், நிலவு, பூமி மூன்றும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டியிருப்பதால், அந்த ஐந்து பாகைக்கு என்ன பலம் என்பது பிள்ளைக்குப் புரிவதே இல்லை. விளையாட்டு மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். தரையில் 109 சென்டிமீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம் போடுங்கள், அது சூரியன். களிமண்ணை ஒரு சென்டிமீட்டர் உருண்டையாக உருட்டினால் அது பூமி. அந்தப் பூமியை எடுத்துக்கொண்டு ஒரு பிள்ளை கிட்டத்தட்ட 117 மீட்டர் நடக்க வேண்டும். பல பள்ளிகளில் மைதானம் முடிந்து தெருவுக்கே வந்துவிடும். நிலவு, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு கடுகு. அதைப் பூமியிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். இப்போது ஐந்து பாகை சாய்வைக் கணக்குப் போட்டால், கடுகு ஏறத்தாழ இரண்டே முக்கால் சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ போய்விடும். பூமியே ஒரு சென்டிமீட்டர்தான். கடுகின் நிழல் அதன்மேல் படாமல் தாண்டிப் போவதைப் பிள்ளை தன் கையாலேயே அளந்துவிடுகிறது. பெரும்பாலான அமாவாசைகளில் நடப்பது இதுதான். நிலவு அந்தச் சாய்வில் ஏறவோ இறங்கவோ செய்து பூமியின் பாதைத் தளத்தைக் கடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அமாவாசை அமைந்தால் மட்டும் கிரகணம்.

அந்தத் தளத்தைக் கடக்கும் இரண்டு புள்ளிகளைத்தான் நம் ஜோதிட மரபு ராகு, கேது என்கிறது. பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போகும் பிள்ளைக்கு நவக்கிரக சந்நிதி புதிதில்லை. ஒன்பதில் ஏழுக்கு வானத்தில் ஒளி உண்டு, இரண்டுக்கு இல்லை, ஆனாலும் கணக்கில் இடம் உண்டு என்று ஆசிரியர் சொன்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைக் கணித்து அதற்குப் பெயரும் உருவமும் வைத்தவர்களின் திறமை விளங்கும்.

அடுத்தது அடுப்படி. செட்டிநாட்டு வீட்டில் தேன்குழல் அச்சு இல்லாமல் இருக்காது. அதன் வட்ட ஓட்டைத் தட்டு ஒன்று, நட்சத்திர ஓட்டைத் தட்டு ஒன்று. இரண்டையும் ஒரு சாதாரண நாளில் வெயிலில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே வெள்ளைத் தாள். தட்டைத் தாளுக்குப் பக்கத்தில் பிடித்தால் வட்டம் வட்டமாகவும் நட்சத்திரம் நட்சத்திரமாகவும் விழும். மெல்ல மேலே தூக்கி, இரண்டு மீட்டருக்கு அப்பால் கொண்டு போனால் நட்சத்திர ஓட்டையிலிருந்தும் வட்டம்தான் விழும். ஓட்டையின் வடிவம் மறைந்து, சூரியனின் வடிவம் வந்துவிடுகிறது. கிரகணத்தன்று அதே தட்டு பிறை பிறையாகப் போடும், வளைய நேரத்தில் வளையம் வளையமாகப் போடும். புளியமரத்தடியில் விழும் வெயில் புள்ளிகளுக்கும் இதே கதைதான். அவை இலைகளின் சந்து வழியே வந்த சூரியனின் பிம்பங்கள். ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: அச்சு வழியாகவோ சல்லடை வழியாகவோ சூரியனைப் பார்க்கக் கூடாது. முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்று, தரையைப் பார்க்க வேண்டும்.

இதே சோதனை கணக்கு வகுப்புக்கும் உதவும். ஓட்டைக்கும் தாளுக்கும் உள்ள தூரம் இரண்டு மீட்டர் என்றால் பிம்பம் சுமார் 18 மில்லிமீட்டர் வரும். தூரத்தைப் பிம்பத்தின் அளவால் வகுத்தால் 110-ஐ ஒட்டிய ஒரு எண் கிடைக்கும். சூரியனின் தூரம் 15 கோடி கிலோமீட்டர் என்று கொடுத்துவிட்டு, அந்த எண்ணால் வகுக்கச் சொல்லுங்கள். 14 லட்சம் கிலோமீட்டரை ஒட்டி விடை வரும். சூரியனின் குறுக்களவு அதுதான். ஏழாம் வகுப்பின் விகிதக் கணக்கு தெரிந்தால் போதும், முறுக்கு அச்சைக் கொண்டு சூரியனை அளந்துவிடலாம். சூரியன் நிலவைப் போல் 400 மடங்கு பெரிது, 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது, அதனால்தான் இரண்டும் வானத்தில் ஒரே அளவாகத் தெரிகின்றன என்பதைப் பிள்ளை அதற்கப்புறம் எளிதில் பிடித்துக்கொள்ளும். நிலவின் தூரம் மாறிக்கொண்டே இருக்கும். தள்ளி இருக்கும்போது அது சற்றுச் சிறிதாகித் தெரிவதால் சூரியனை முழுக்க மூட முடியாமல் விளிம்பு வளையமாக மிஞ்சுகிறது. 2019-இல் நிலவின் தோற்றக் குறுக்களவு சூரியனுடையதில் 97 சதவீதம். அப்படியென்றால் மறைந்த பரப்பு எவ்வளவு? 97 என்று சொல்கிற பிள்ளையிடம் வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். 94 என்று வரும். மிச்சம் ஆறு சதவீத வெளிச்சம். அந்த ஆறு சதவீதமே ஊரை இருட்டாக்காமல் வைத்திருக்கப் போதுமானது என்பதைச் சொன்னால், சூரியனை ஏன் அந்த நேரத்திலும் வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பதும் சொல்லாமலே விளங்கும்.

வீட்டில் எந்த இடத்தில் பிம்பம் பிடிப்பது என்பதையும் பிள்ளைகளே யோசிக்கட்டும். 2031-இல் கிரகணம் உச்சிவேளை சற்றுத் தாண்டி வருகிறது. சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேல். வீட்டின் உள்கட்டான வளவுக்கு நடுவே திறந்த முற்றம் அதற்கென்றே கட்டியது போல் அமையும். அதற்கு முன் 2027 ஆகஸ்ட் 2 அன்று ஒரு பகுதி கிரகணம் இருக்கிறது. எகிப்தின் லக்சர் பக்கத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் முழு இருட்டு, தென்னிந்தியாவில் மாலை நேரத்தில் சூரியனின் ஓரம் மட்டும் மறையும். அப்போது சூரியன் மேற்கில் சாய்ந்திருப்பதால் முற்றத்துக்குள் வெயில் எட்டாது. ஆனால் செட்டிநாட்டு வீடுகள் பல தெருவுக்குத் தெரு நீண்டவை. முன்வாசலில் நின்றால் கட்டுக் கட்டாகக் கதவுகள் ஒரே நேர்கோட்டில் தெரியும். மேற்குப் பார்த்த வாசலை ஒரு கறுப்பு அட்டையால் அடைத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு சிறு ஓட்டை போட்டால், ஒளி ஐந்து மீட்டர் உள்ளே போய் ஆத்தங்குடிக் கல் தரையில் விழும். பிம்பம் நாலரை சென்டிமீட்டர் வரும், ஆனால் சாய்வாக விழுவதால் நீண்டு முட்டையாகும். அந்த இடத்தில் ஒரு வெள்ளை அட்டையை ஒளிக்கு நேர் எதிரே திருப்பிப் பிடித்தால் வட்டமாகிவிடும். அந்தத் திருப்பலில் ஒரு வடிவியல் பாடமே இருக்கிறது.

புவியியலுக்கு நான் எடுத்துக்கொள்வது 2019-இன் பாதை. நிழல் அரேபியாவில் தொடங்கி, ஓமன், கேரளம், தமிழ்நாடு, இலங்கையின் வடக்கு, சுமத்ரா, சிங்கப்பூர் என்று போனது. செட்டிநாட்டுப் பிள்ளைக்கு இந்தப் பட்டியலில் பாதி ஊர் வீட்டுப் பெரியவர்கள் வாயில் கேட்ட ஊர். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன ஐயாக்கள் கப்பலேறி இலங்கைக்கும் மலாயாவுக்கும் போன திசையிலேயே நிழலும் போனது. இங்கே ஒன்பதரை மணியை ஒட்டி வளையம். சிங்கப்பூரில் அவர்கள் கடிகாரத்தில் மதியம் 1.23-ஐ ஒட்டி. இரண்டரை மணி நேர வித்தியாசத்தைக் கழித்தால் நம் நேரப்படி 10.53. அதாவது ஏறத்தாழ 80 நிமிடம். இடைப்பட்ட தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று பிள்ளைகள் போட்டால் 2,100-ஐத் தாண்டும். நிலவு பூமியைச் சுற்றும் வேகத்தில் பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம் கழிந்தது போக மிச்சம்தான் இது. வீட்டில் பழைய கடிதமோ சிங்கப்பூர்க் கணக்குப் புத்தகமோ இருந்தால் அதையும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லலாம். கப்பல் எத்தனை நாள் எடுத்தது என்ற பேச்சு தானாக வந்துவிடும்.

வரலாற்றில் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தராத ஒன்று பக்கத்திலேயே கிடக்கிறது. 1871 டிசம்பர் 12 அன்று ஒரு முழு சூரிய கிரகணம், மலபார்க் கரையில் பேக்கல், நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் வழியாகப் போனது. 2019-இன் பாதையோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. ஐரோப்பிய அறிவியலாளர்கள் கருவிகளோடு இந்த ஊர்களுக்கு வந்து இறங்கினார்கள். பேக்கலில் லாக்யர், நீலகிரியில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், புதுக்கோட்டையில் இத்தாலிய வானியலாளர் ரெஸ்பிகி. ரெஸ்பிகி முப்பட்டகம் பொருத்திய தொலைநோக்கியில் சூரியனைச் சுற்றியுள்ள ஒளியை வண்ண வண்ண வளையங்களாகப் பிரித்துப் பார்த்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தில், குண்டூரில் இருந்து ஜான்சென் எடுத்த நிறமாலை ஆய்வுதான் ஹீலியம் என்ற தனிமத்தைக் கண்டறியும் கதையின் தொடக்கங்களில் ஒன்று. வேதியியல் வகுப்புக்கு இது நல்ல உதாரணம். ரெஸ்பிகி வந்து நின்ற புதுக்கோட்டையின் மாவட்டத்தில்தான் செட்டிநாட்டு ஊர்கள் பல இன்று இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதே 1871-இல் அவிநாசியில் சென்னை வானாய்வகத்தின் சார்பில் நின்றவர்களில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒருவர். அந்த வானாய்வகத்திலேயே வேலை பார்த்து, மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். கண்ணால் காணும் வானத்தோடு பஞ்சாங்கம் பொருந்த வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. பஞ்சாங்கத்தை வகுப்புக்குள் கொண்டுவர ஆசிரியர்கள் தயங்குவதைப் பார்க்கிறேன். தயங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கிரகணம் பிடிக்கும் நேரமும் விடும் நேரமும் அதில் அச்சாகியிருக்கும், அது சரியா என்று கைக்கடிகாரத்தை வைத்துச் சோதிக்கலாம். சோதிக்க முடிகிற எதுவும் அறிவியல் வகுப்புக்கு ஏற்றதுதான். ஜான் வாரன் என்ற அதிகாரி 1825-இல் ஒரு நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளை வைத்தும், எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்த வாக்கியங்களைக் கொண்டும், காகிதத்தில் ஒரு எழுத்துகூட எழுதாமல் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரம் நான்கு நிமிடமே பிசகியது. நடு நேரமும் முடிவு நேரமும் இன்னும் கூடுதலாகப் பிசகின. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். சோழிகளைக் கொண்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்ற வியப்பும், எங்கே பிசகியது, ஏன் என்ற கேள்வியும் ஒருசேர எழும்.

தமிழ் வகுப்பில் திருக்குறளின் 1146-ஆம் குறளை எடுத்துக்கொள்ளலாம். ‘திங்களைப் பாம்புகொண் டற்று’ என்று முடிகிறது. காதலர்கள் சந்தித்தது ஒரே ஒரு நாள், ஊர்ப்பேச்சோ கிரகணச் செய்தி போல எங்கும் பரவிவிட்டது என்கிறாள் தலைவி. அது சந்திர கிரகணம். ஏன் அதைச் சொன்னார் என்று கேளுங்கள். சந்திர கிரகணம் இரவாக இருக்கும் பாதி உலகத்துக்கும் ஒரே நேரத்தில் தெரியும், எல்லோரும் பார்த்துவிடுவார்கள். சூரிய கிரகணத்தின் முழு மறைப்பு ஒரு குறுகிய பட்டையில் நிற்பவர்களுக்கு மட்டும்தான். அலருக்கு, அதாவது அந்த ஊர்ப்பேச்சுக்கு, எது பொருந்தும் என்று பிள்ளைகள் வாதிடட்டும். கல்வெட்டுகளும் இங்கே சேரும். கிரகண நாளில் கோயிலுக்குக் கொடுத்த தானங்களைக் கல்லில் வெட்டி வைக்கும் வழக்கம் இருந்ததால், பிற்காலத்தில் அரசர்களின் காலத்தைக் கணக்கிட அது கைகொடுத்திருக்கிறது. தக்கோலம் கல்வெட்டில் உள்ள சூரிய கிரகணக் குறிப்பு முதலாம் ஆதித்த சோழனின் ஆட்சித் தொடக்கத்தைக் கணிக்க உதவியது. ஆங்கிலம், ஓவியம், உடற்கல்வி எல்லாவற்றுக்கும் ஏதாவது வேலை கொடுக்க முடியும், அதை அந்தந்த ஆசிரியரே பார்த்துக்கொள்வார்.

இனி உலக்கை. கிரகணம் பிடித்ததும் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்துவதும், கிரகணம் விட்டதும் அது சாய்ந்துவிடும் என்பதும் நம் பக்கம் எல்லோரும் அறிந்தது. இதைப் பிள்ளையிடம் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளினால், வீட்டில் அது நிற்பதைக் கண்ணால் பார்க்கும்போது ஆசிரியர் சொன்னது பொய்யாகிவிடும். உலக்கை நிற்பது உண்மை. என்றைக்கு வேண்டுமானாலும் நிற்கும் என்பதுதான் பிள்ளை கண்டுபிடிக்க வேண்டியது. அடியில் இரும்புப் பூண் போட்ட, தட்டையாக அறுத்த உலக்கையை ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எடுத்து, சமமான தரையில் பொறுமையாக நிறுத்தட்டும். ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே இறங்கும் கோடு அடிப்பரப்புக்குள் விழுகிற வரை நிற்கும். தேய்ந்து உருண்ட அடி உள்ள உலக்கை கிரகணத்தன்றும் நிற்காது. இரண்டையும் செய்துவிட்டு, “அப்பத்தா, இங்க வந்து பாருங்க, இன்னைக்கும் நிக்குது” என்று கூப்பிட்டால் அவரும் வந்து பார்ப்பார். பேத்தி சோதித்துக் காட்டுவதற்கும் அப்பத்தாவை மட்டம் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டும். கோயில் நடை சாத்துவது, கிரகணம் விட்டதும் குளிப்பது இவற்றில் பள்ளி தலையிட வேண்டியதில்லை, அவை வீட்டின் வழக்கம். ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கர்ப்பிணிகளை மணிக்கணக்கில் சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் இருட்டறையில் வைப்பதால் எந்த நன்மையும் இல்லை, கெடுதல் உண்டு. கிரகணத்தால் வயிற்றுக் குழந்தைக்கு ஒன்றும் ஆவதில்லை. இதை மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெளிவாகவே சொல்ல வேண்டும்.

கண் விஷயம் வேறு. இதில் சோதனைக்கு இடமே இல்லை. விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது, அதனால் சுடுவது தெரியாது. பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் தெரிய வரும். மஞ்சள் கரைத்த தண்ணீரில் பார்ப்பது, ஊரணித் தண்ணீரில் பார்ப்பது, எக்ஸ்ரே படம், சிடி, புகை படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் ஆகாது. ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி, அல்லது 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடி, இவை மட்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போன் கேமராவிலோ பைனாகுலரிலோ பார்ப்பதும் கூடாது. முழு கிரகணத்தில் சூரியன் முற்றாக மறையும் அந்தச் சில நிமிடம் கண்ணாடியைக் கழற்றலாம் என்று எங்காவது படித்திருப்பார்கள். கங்கண கிரகணத்தில் அப்படி ஒரு நொடிகூடக் கிடையாது. 2031-இல் வரப்போவது கங்கணம்.

அதற்கு முன் 2027 ஆகஸ்ட் 2 ஒரு திங்கட்கிழமை, பள்ளி நாள். சூரியன் கொஞ்சம்தான் மறையும் என்றாலும் ஒத்திகைக்கு அதுவே போதும். பள்ளி விட்டதும் பிள்ளைகளை அனுப்பிவிடாமல், பெற்றோரையும் வரச்சொல்லி மேற்குப் பக்கம் திறந்த ஒரு வராந்தாவில் நடத்தலாம். அன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை 2031 மே மாதம் எட்டாம் வகுப்பை முடித்திருக்கும். வீட்டில் அச்சைப் பிடித்துப் பிம்பம் காட்டவும், யாராவது அண்ணாந்து பார்த்தால் தடுக்கவும் தெரிந்திருக்கும். மேகம் மூடினால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ஒரு வெப்பமானியைத் திண்ணை நிழலில் மாட்டி, கிரகணம் பிடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னிருந்தே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கச் சொல்லுங்கள். காக்கையும் மைனாவும் அந்த நேரம் என்ன செய்கின்றன என்பதை இன்னொரு பிள்ளை எழுதட்டும். அதே நேரத்துக்கு முந்தைய நாளும் மறுநாளும் குறித்தால்தான் ஒப்பிட முடியும், ஆகவே மூன்று நாளுக்கும் ஆள் போட்டுவிடுங்கள்.